காற்று வாங்க ஒரு கடல்

மாலை ஐந்தரை மணிக்கு மேல் மும்பை மெரைன் டிரைவ் சுவரில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். சர்ச்கேட்டில் ரயில் பிடிக்க வேண்டிய குமாஸ்தா பத்து நிமிஷம் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார். ஒற்றை அறையில் ஆறு பேரோடு குடித்தனம் நடத்தும் இளம் தம்பதி இங்கே வந்துதான் மனம் விட்டுப் பேசுகிறார்கள். சைக்கிளில் டீ வருகிறது. சௌபாத்தி மணலில் பேல்பூரி, குல்ஃபி, குழந்தைகளின் கூச்சல். சதுர அடிக்கு விலை சொல்லியே பழகிய ஊரில், யாரிடமும் காசு கேட்காமல் உட்கார வைக்கிறது பேக் பே வளைகுடா.

இதற்கும் விலை பேசியவர்கள் உண்டு. 1860களில் பருத்திப் பணத்தில் மிதந்த பம்பாய், இந்தக் கடலைத் தூர்த்து நிலமாக்கக் கம்பெனி தொடங்கியது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது, கம்பெனி மூழ்கியது. 1920களில் கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் வேலை மறுபடி தொடங்கியபோது, அதில் நடந்த ஊழலை அம்பலப்படுத்தியவர் வழக்கறிஞர் கே.எஃப். நாரிமன். பிற்பாடு இன்னும் கொஞ்சம் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்களை எழுப்பிய நகரம், அந்த இடத்துக்கு அவர் பெயரையே வைத்தது: நாரிமன் பாயின்ட். காற்று வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் மெரைன் டிரைவும் கடலிடமிருந்து எடுத்த நிலம்தான்.

மிச்சமிருக்கும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. 2013இல் விநாயகர் சிலைகளைக் கரைக்க கிர்காவ் சௌபாத்தியில் இறங்கியவர்களைத் திருக்கை மீன்கள் கொட்டின. பலர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். திருக்கை யாரையும் துரத்திக் கொட்டுவதில்லை. மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலை வீசும். அங்கே அது வாழ்கிறது என்பதே நகரத்தில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 2017இல் தொடங்கிய ‘மெரைன் லைஃப் ஆஃப் மும்பை’ ஆர்வலர்கள், கடல் உள்வாங்கும் நேரத்தில் மக்களைக் கரைக்கு அழைத்துப் போய், சங்குக்குள் குடியிருக்கும் நண்டையும் கடல் சாமந்தியையும் காட்டுகிறார்கள்.

கடல் கணக்கையும் தீர்க்கிறது. 2018 ஜூலையில் அது பொங்கியபோது, நகரம் போட்ட பிளாஸ்டிக் குப்பையை மெரைன் டிரைவிலேயே திருப்பிக் கொட்டியது. ஆனாலும் தூர்க்கும் ஆசை தீரவில்லை. 2024இல் திறந்த கரையோரச் சாலை இந்த வளைகுடாவின் ஓரத்தில்தான் தொடங்குகிறது. மலபார் ஹில் அடியில் சுரங்கமாகப் போய், வொர்லிப் பக்கம் தூர்த்த கடல்மேல் நீள்கிறது. குறுக்கே இருந்த பவளங்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். காரில் போகிறவர்களுக்கு நேரம் மிச்சம்தான்.

கார் இல்லாத குமாஸ்தாவுக்கும் அந்தத் தம்பதிக்கும் இருப்பது இந்தச் சுவர்தான். அவர்களின் மாலை நேரமும் திருக்கையின் மணலும் ஒரே தண்ணீரை நம்பியிருக்கின்றன. நாரளி பௌர்ணமியன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்த பிறகே படகை இறக்குகிறார்கள். கடலில் பிழைப்பவர்களுக்கு அது யாருடைய வீடு என்று தெரியும். காற்று வாங்க வருகிறவர்களுக்கும் அது தெரிந்துவிட்டால், அடுத்த முறை யாராவது விலை பேச வரும்போது கேள்வி கேட்க ஆள் இருக்கும்.