ஒரு மார்க் பட்டாம்பூச்சி

குரூப் 4-க்குப் படிக்கிற யாரையாவது தூக்கத்தில் எழுப்பி, ‘தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி எது?’ என்று கேளுங்கள். ‘தமிழ் மறவன், 2019’ என்று பதில் வரும். சரி பாஸ், அது எங்கே இருக்கும், என்ன சாப்பிடும்? கப்சிப்!

என் ரூம்மேட்டிடம் கேட்டேன். “சிலபஸ்ல இல்லடா” என்றான். இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை பஸ் ஏற்றி, மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். ஓடைக்கரை ஈர மண்ணில் பளிச்சென்ற ஆரஞ்சு இறக்கைகள், ஓரத்தில் கறுப்பு பார்டர். மண்ணில் இருக்கிற உப்பை உறிஞ்சக் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. இப்படி வந்து உட்காருவது பெரும்பாலும் ஆண்கள்தானாம். டீக்கடை பெஞ்ச் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை!

மேற்குத்தொடர்ச்சி மலையை ஒட்டிய காடுகள், அப்புறம் இலங்கை. மறவனின் ஏரியா அவ்வளவுதான். காரணம், அதன் புழுவின் நாக்கு. கண்ட இலையையும் தொடாது. அதற்கு நீரடிமுத்து இலைதான் வேணும். அம்மா மறவன் அந்த மரத்தைத் தேடிப்பிடித்துத்தான் முட்டை வைக்கும்.

நீரடிமுத்து தெரியுமா? கேரளாவில் மரோட்டி என்பார்கள். காட்டோடை ஓரங்களில் வளரும். காய், கெட்டி ஓட்டோடு பழுப்புப் பந்து மாதிரி இருக்கும். விதை எண்ணெய் சித்த மருத்துவத்தில் பெரிய ஆள். 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரை, இங்கிலீஷ் டாக்டர்களும் தொழுநோய்க்கு இந்த எண்ணெயைத்தான் ஊசியில் ஏற்றினார்கள். எத்தனை பேருக்கு நம்பிக்கை கொடுத்த மரம்! இன்றைக்கு அதன் பெயர்கூட நமக்குத் தெரியாது. மாநில மரம் பனை, மாநிலப் பூ செங்காந்தள், எல்லாம் மனப்பாடம். மறவனுக்குச் சோறு போடுகிற மரம் எந்த லிஸ்ட்டிலும் இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம்தான்.

இன்னொரு சங்கதி, இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ரோடு போடுகிறபோது ‘ஒரு மரத்தை விட்டுவெச்சிருக்கோமே’ என்று சொன்னால் கதைக்கு ஆகாது. ஜோடி மரம் வேணும், ஓடையில் தண்ணி வேணும், சுற்றிலும் நிழல் வேணும்.

உங்க காலேஜ் மலையடிவாரத்தில் இருக்கிறதா? அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்பில் வழக்கமான வேம்பு, புங்கனோடு நீரடிமுத்துக் கன்றும் கிடைக்குமா என்று வனத்துறை நர்சரியில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஓடைக்கரையாகப் பார்த்து நடுங்கள். ஒன்று போதாது, பத்துப் பதினைந்தாவது வேணும்.