முப்பத்தாறு பட்டன்கள்

கோயம்பேட்டில் பஸ் ஏறி பூந்தமல்லியில் இறங்கினேன். அங்கிருந்து அரை கிலோமீட்டர் நடந்தால் நண்பரின் வீடு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். அம்மாவைப் பார்க்க அடிக்கடி மதுரைக்குப் போவார். பஸ் டிக்கெட் விற்கும் ஓர் இணையதளம் புது வடிவத்துக்கு மாறியதிலிருந்து அவரால் தானாக டிக்கெட் எடுக்க முடியவில்லை. புகார் கொடுத்தார். 'சரிசெய்துவிட்டோம், இனி எல்லோரும் பயன்படுத்தலாம்' என்று பதில் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

லேப்டாப் திரை கும்மிருட்டாக இருந்தது. "எனக்கு எதுக்கு வெளிச்சம்? பேட்டரிதான் வீண்" என்று சிரித்தவர், எனக்காகக் கூட்டிவைத்தார். திரையில் இருப்பதை அவருக்குப் படித்துச் சொல்வது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கிய இலவச மென்பொருள். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன்.

'சரிசெய்த' அடையாளம் முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கீழ் மூலையில் நீல வட்டம், அதற்குள் கை விரித்த மனித உருவம். அமுக்கினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், ஒரு குரல் பக்கத்தைப் படிக்கும். "படிக்கிறதுக்கு எங்கிட்டயே ஆள் இருக்கு. இவங்க ஆளும் சேர்ந்து பேசினா ரெண்டும் புரியாது" என்றார் நண்பர்.

ஊர்ப் பெயர்களைத் தட்டச்சு செய்தார், சிக்கல் இல்லை. தேதிக் கட்டம் எந்த விசைக்கும் மசியவில்லை. நான் மவுஸால் அமுக்கிக் கொடுத்தேன். பஸ்கள் வரிசையாக வந்தன: 850, 920, 1,100 ரூபாய். 920 ரூபாய் பஸ்ஸைத் தேர்ந்ததும் படுக்கைகளின் படம் விரிந்தது. என் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. காலியானது பச்சை, விற்றது சாம்பல், பெண்களுக்கானது இளஞ்சிவப்பு. நண்பர் டேப் விசையைத் தட்டத் தட்டக் காதில் விழுந்ததோ, "பட்டன். பட்டன். பட்டன்." 36 படுக்கைக்கும் அதே பேச்சு. எது மேலே, எது ஜன்னலோரம், எது காலி என்று ஒரு விவரமும் இல்லை. குத்துமதிப்பாக ஒன்றில் என்டர் தட்டினார். 'பெண்களுக்கு மட்டும்' என்று சிவப்பில் ஒரு வரி தோன்றி மறைந்தது. என்விடிஏ வாயே திறக்கவில்லை.

"பழசுல பட்டியலா வரும். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

பதிலில் கொடுத்திருந்த சேவை எண்ணை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டோம். பாட்டு ஓடி ஓய்ந்த பிறகு ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார். "வீட்ல யாராவது இருந்தா புக் பண்ணித் தரச் சொல்லுங்க சார்."

அடுத்த புகாரை நண்பர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். வரலாற்று வாத்தியார் அல்லவா, ஆண்டுவாரியாக இருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் கட்டுப்படுத்துகிறது. 2017 ஜூனில் விதிகள் வந்ததிலிருந்து அது கொடுத்த கெடு இரண்டே வருடம். 2025 ஏப்ரலில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம்.

டிக்கெட் எடுத்தாக வேண்டுமே. 300 மீட்டர் தள்ளியிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். டிக்கெட் 920 ரூபாய், கடைக்கூலி 50. செல்லுக்கு வந்த ஓடிபியை நண்பர் கடைப் பையனிடம் வாய்விட்டுச் சொல்ல, ஜெராக்ஸுக்கு நின்ற இருவர் காதிலும் அது விழுந்தது.

ஒரு படுக்கையைப் பச்சையாகக் காட்டும் தளத்துக்கு, அது காலி என்பதும் அதன் விலையும் தெரியும். 'மேல் படுக்கை, ஜன்னலோரம், காலி, 920 ரூபாய்' என்று அதையே பட்டனுக்குப் பெயராக எழுதினால் போதும். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வேண்டும் என்பது 2008இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மூலையில் வட்டத்தை ஒட்டுவதற்கு முன்பு, புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் தளத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவருடைய செல் எண் புகாரிலேயே இருக்கிறது.