எட்டுக்கால் ஐசி

எட்டுக் கால் உண்டு, சிலந்தி இல்லை. அது என்ன? ஐசி! டிவி ரிப்பேர் செய்யும் எங்க மாமாவோடு உட்கார்ந்து அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன தை மாசம் எங்க பட்டியில் இரண்டு ஆடு திருட்டுப் போச்சு. அக்காவின் நர்சிங் பீஸ் அந்த ஆடுகளை நம்பித்தான் இருக்கு. அதனால் மாமா பட்டியில் ஒரு பழைய கேமரா மாட்டினார். படம் எங்க வீட்டிலும் தெரியணும், பாட்டி வீட்டிலும் தெரியணும். இரண்டு வீட்டிலும் இருப்பது 2006-இல் அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவசக் கலர் டிவி.

வயரை அப்படியே இரண்டாகப் பிரித்தால் படம் மங்குது. ஒவ்வொரு டிவியும் 75 ஓம். இரண்டும் சேர்ந்து இழுத்தால், 1 வோல்ட் வர வேண்டிய இடத்தில் முக்கால் வோல்ட்கூட வராது. ராத்திரியில் ஆடு எது, ஆள் எதுன்னு எப்படித் தெரியும்? நடுவில் ஆம்ப்ளிஃபயர் வேணும்.

கரண்டுக்கு 5 வோல்ட் செல்போன் சார்ஜர். அதில் பிளஸ் மட்டும்தான், மைனஸ் சப்ளை கிடையாது. அதுதான் சிக்கலே! வீடியோ சிக்னல் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் ஐசி வெட்டிவிடும். படத்தை நிறுத்திப் பிடிக்கிற ‘சிங்க்’ அந்த அடிப்பகுதியில்தான் இருக்கு. அது போனால் படம் உருளும். அதனால் சிக்னலை இரண்டரை வோல்ட்டுக்குத் தூக்கி வைக்கணும். 75 ஓம் ரெசிஸ்டரில் பாதி போய்விடும் என்பதால் இரண்டு மடங்காகப் பெருக்கவும் வேண்டும்.

மாமாவிடம் எல்எம்358 இருந்தது. மலிவு. ஒற்றை சப்ளையிலும் ஓடும். ஆனால் அதன் வேகம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். நம்ம டிவியில் கலர் வருவது 4.43 மெகாஹெர்ட்ஸில். “மாட்டு வண்டியை பஸ்ஸு ரூட்ல உட முடியுமா கண்ணு?” என்றார் மாமா.

மாமா எட்டாவது வரைதான் படித்தார். செல்போனில் டேட்டாஷீட்டை வாசித்தது நான். ஏடி8062: ஒற்றை சப்ளை 2.7 முதல் 8 வோல்ட் வரை. வேகம் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ். இரண்டு மடங்கு பெருக்கும்போது குறையும், ஆனாலும் நமக்கு மிச்சம். ஒரே ஐசிக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர், வீட்டுக்கு ஒன்று! விலையைப் பார்த்து மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஆட்டு விலையை விடவா?” என்று சொல்லி ஆர்டர் போட்டார்.

கால்களுக்கு நடுவே 1.27 மில்லிமீட்டர்தான். பாட்டியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாமா ஈயம் வைத்தார். டார்ச் பிடித்தது நான்.

இப்போது இரண்டு டிவியிலும் பட்டி கலரில் தெரியுது. சீரியல் நேரத்தில் மட்டும் பாட்டி ஆடு பார்க்க மாட்டாங்க. அந்த அரை மணி நேரம் காவல் எங்க வீட்டு டிவிதான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி