செருப்பு சொன்ன சேதி

ஸ்ரீரங்கத்து அத்தை என் முதுகுவலியைத் தைலத்துக்கே ஒப்படைத்திருந்தாள். படுத்தால் வலி கூடிற்று. நடக்கையில் செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. திருச்சியில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், தண்டுவடத்தை ஒரு கட்டி நெருக்குவது தெரிந்தது.

"முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடுமே!" என்று நடுங்கினாள். உங்களுக்கும் அந்தப் பயம்தானே?

கேளுங்கள்: எக்ஸ்ரேகூட இல்லாத 1887-லேயே லண்டனில் டாக்டர் கவர்ஸ் அறிகுறிகளைக் கொண்டே இத்தகைய கட்டியைக் கணித்தார், ஹார்ஸ்லி அறுத்தெடுத்தார், நோயாளி எழுந்து நடந்தார். நம் நாட்டில் 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள்.

அத்தை இன்று தாயார் சந்நிதிக்கு நடந்தே போகிறாள்.

எல்லா முதுகுவலியும் கட்டியல்ல. ஆனால் கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். தாமதம்தான் காலைப் பறிக்கும், சகோதரிகளே!