விடிலியில் ஒரு வினாநிரல்

நம்மிடம் தமிழ் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு பதநீர்ப் பருவத்தில் நம்மைத் தேடி வந்தார். திசையன்விளைக்காரர், பனையேறியின் மகன். சமூக ஆய்வுத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராகச் சேருமாறு அவருக்கு அழைப்பு வந்திருந்தது. பணி ஈராண்டுக்கு மட்டுமே. வீட்டாரோ பி.எட். படிக்கச் சொல்கின்றனர். "பதினேழு வருசம் படிச்சது வீடு வீடாப் போய்க் கணக்கெடுக்கவான்னு அப்பா கேக்காங்க, ஐயா" என்றார்.

பி.எட். என்றே நம் நாவிலும் வந்தது, மறைப்பானேன்? ஆயினும், "முதலில் உங்கள் ஊரிலேயே பத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள், தம்பி" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை நாமும் உடன் சென்றோம்.

செம்மணல் தேரியின் ஓரத்தில் ஒரு விடிலி. சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறங்கிய பதநீரை ஓர் அம்மையார் காய்ச்சிக் கொண்டிருந்தார். பக்கத்தில் சிரட்டைகள் அடுக்கியிருந்தன. மாணவர் வினாநிரலை விரித்து, "மாத வருமானம் எவ்வளவு?" என்றார். அம்மையார் துடுப்பை நிறுத்தவில்லை. "யய்யா, எந்த மாசத்தச் சொல்ல? பனை குடுக்குற மாசத்தையா, கடன் வாங்கித் திங்குற மாசத்தையா?"

முன்பணம் தந்த வியாபாரிக்கே கருப்பட்டியைப் போட வேண்டும் என்பதும், விலையை அவரே சொல்வார் என்பதும் அதன் பிறகே வெளிவந்தன. மாணவர் தம் வினாவை அடித்துவிட்டு, அம்மையார் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதிக்கொண்டார். பாடவேறுபாடு கற்றவர்க்கு ஒரு சொல்லின் அருமை தெரியுமன்றோ! ஆனால் பத்து வீட்டு விடைகளையும் அட்டவணையாக்கும்போது திணறினார். மாதிரி எடுப்பதையும் புள்ளியியலையும் நாம் அவருக்குக் கற்பித்ததில்லை, நமக்கே தெரியாது.

திசையன்விளைக்கு அண்மையில்தான் இடையன்குடி. 1841இல் அங்கு வந்து தங்கிய கால்டுவெல், 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிடுவதற்கு முன்பே, 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அம்மக்களிடையே கல்வி பரவி, அதைப் படிக்கும் தலைமுறை வந்தபோது, தம்மை இழிவுபடுத்தியதாகக் கொதித்தனர். இலக்கணத்தில் அத்துணை நுட்பம் காட்டியவர்க்கு அருகிருந்த மனிதர் பிடிபடவில்லை என்றே நாம் கருதுகிறோம். மாணவரிடம் இதைச் சொன்னோம். "எங்க ஊரப் பத்தி எழுதுனா, எங்க ஊர்லயே படிச்சுக் காட்டணும், ஐயா" என்றார்.

இவ்வழியில் தமிழ் படித்தோர் நடந்ததில்லை என்பதும் இல்லை. நா. வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழ், நெல்லைச் சீமையில் நாட்டார் வழக்காறுகளை ஆய்வுப் பொருளாக்கியது. பாளையங்கோட்டையிற் பிறந்து, நம்மைப் போன்ற முஸ்லிம் நிருவாகத்தின் கீழுள்ள இளையான்குடிக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்த தொ. பரமசிவன், அழகர் கோயிலை ஆராய்ந்தபோது கல்வெட்டோடும் நூலோடும் நிற்கவில்லை. கோயிலோடு உறவுடைய சாதியாரிடமும் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அடியாரிடமும் நேரிற் கேட்டறிந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட அந்நூல், தமிழ்த்துறையிலிருந்து வந்த சமூக ஆய்வு.

நாமோ ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குச் சீறாப்புராண உவமைகளை எண்ணினோம். அப்போது உம்மா பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றையேனும் எழுதி வைக்கத் தோன்றவில்லை. இன்று கேட்க அவர்கள் இல்லை.

மாணவர் அப்பணியிலேயே சேர்ந்தார். சேருமுன் மீண்டும் விடிலிக்குச் சென்று, எழுதியதை அம்மையாரிடம் படித்துக் காட்டியிருக்கிறார். கடன் தொகையைத் திருத்திய அவர், வியாபாரியின் பெயரை மட்டும் அடித்துவிடச் சொன்னாராம். மாணவரும் அடித்துவிட்டார். அப்பா இன்னும் பி.எட். பற்றிக் கேட்கிறாராம். எளிய புள்ளியியல் நூல் ஒன்று வேண்டுமென்று சென்ற வாரம் நமக்கு எழுதியிருந்தார். நம் துறை நூலகத்தில் இல்லை. பொருளியல் துறையில் இரவல் வாங்கி அனுப்பியிருக்கிறோம்.