தேருக்குப் பூக்கட்டும் இரவு

செவ்வாய்

பங்குனி வெயில் ஏறினால் மல்லிகைக்குக் கொண்டாட்டம். உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. கரிசல் காடு முழுக்க வெடிப்பு. இந்த மாதத்தில் கழுகுமலையைச் சுற்றிப் பச்சையாகக் கண்ணில் படுவது கிணற்றுத் தண்ணீர் பாய்கிற பூந்தோட்டங்கள்தான். கரிசலில் மல்லிகை வைத்தால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வடியாமல் வேர் அழுகிவிடும். ஆங்காங்கே திட்டாகக் கிடக்கிற செம்மண்தான் அதற்குத் தோது. எங்கள் அரை ஏக்கரும் அப்படி ஒரு திட்டுதான்.

விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பறிக்க இறங்கினோம். மொட்டு வெளுத்துப் பருத்திருக்க வேண்டும், வாய் மட்டும் திறந்திருக்கக் கூடாது. பச்சை மாறாத மொட்டைக் கிள்ளினால் சாயங்காலம் விரியாது. முற்றியதை விட்டுவைத்தால் ராத்திரி செடியிலேயே மலர்ந்துபோகும், அதற்குச் சந்தையில் விலை கிடையாது. அந்த ஒரு நாளை விரல்தான் கண்டுபிடிக்கும். பறிக்க வருகிற பெண்கள் செடியைப் பார்ப்பதுகூட இல்லை, ஊர்க்கதை பேசிக்கொண்டே கை ஓடுகிறது. ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் மொட்டுக் கிள்ள வேண்டும்.

புதன்

சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போய் வந்தேன். மூட்டை மூட்டையாக மல்லிகை. நம் தோட்டத்தில் பூத்த அன்றைக்கு எல்லார் தோட்டத்திலும் பூத்துவிடுகிறது. முகூர்த்தம் இல்லாத நாளானால் பறிப்புக் கூலி கட்டுவதே பெரும்பாடு. மார்கழி, தையில் செடி உறங்கும்போது இதே பூ கிலோ மூவாயிரத்தைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. அப்போது எவர் கையிலும் பூ இல்லை.

சந்தையில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் பலரைப் பார்த்தேன். யாரும் நின்று பேசவில்லை. அவரவர் மூட்டையும் தராசும்தான் கண்ணில். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி மட்டும் வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ராத்திரி பேசிக்கிடுவோம் டீச்சர்."

வியாழன், நள்ளிரவு கடந்து

எழுதாமல் படுக்க மனமில்லை.

விடிந்தால் கழுகுமலை முருகன் கழுகாசலமூர்த்திக்குத் தேர். அதற்கு முந்தின இரவு, பூப்போடுகிற குடும்பங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் கூடி மாலை கட்டுகிறோம். சங்கம், தலைவர், ரசீதுப் புத்தகம் என்று எதுவும் கிடையாது. நேர்ச்சைப் பூவோடு வருகிறவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள்தான். மல்லிகை, பிச்சி, சம்பங்கி, அரளி, கேந்தி என்று சாக்கு விரிப்பில் கொட்டிக் குவித்தாயிற்று. நனைத்த வாழைநார் ஒரு வாளியில். ஆண்கள் காம்பு பார்த்துப் பிரித்துப் போட, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தொடுத்தோம். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம், நார் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி அடுத்த கண்ணி. நடுவில் சுக்குக் காப்பி, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்.

இந்தக் கூட்டத்தின் அருமை பேச்சில் இருக்கிறது. ஒரு ஆச்சி குவியலிலிருந்து ஊதா பாய்ந்த மொட்டு ஒன்றைப் பொறுக்கி, நகத்தால் அடியைக் கீறிக் காட்டினார். உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புழு. "இது யார் தோட்டத்துப் பூ?" என்று கேட்டார். ஒரு இளைஞன் தயங்கித்தான் கையைத் தூக்கினான். "மருந்தை மாத்தி மாத்தி அடிக்காத ஐயா. கெட்ட மொட்டப் பூராம் கிள்ளி எரி. புழு மண்ணுக்குள்ளதான் கூட்டுப்புழுவாக் கெடக்கும், செடியச் சுத்திக் கொத்திவிடு. வேப்பம்புண்ணாக்குப் போடு" என்றார். மருந்துக்கடையில் போய் நின்றிருந்தால் கையில் ஒரு புட்டியைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

இன்னொருவர் ராமேசுவரம் போன வழியில் தங்கச்சிமடத்தில் வாங்கிய நாற்றுக்கட்டைப் பிரித்தார். அந்தக் கடலோர மணலில் வேர்விட்ட நாற்றுதான் தமிழ்நாடு முழுக்க மல்லிகைத் தோட்டங்களுக்குப் போகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் நாலைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுத்த வருஷம் பிச்சிப் பதியன் கொடுத்தால் போதும் என்றார். ஒரு மதினி, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி மாலையின் இந்த முனையில் தொடங்கினார். மறுமுனை வருவதற்குள் மூன்று வீட்டு விலாசம் கிடைத்துவிட்டது.

வெள்ளி

தேர் இழுத்து நிலை சேர்ந்தது. பாறையைக் குடைந்த கருவறையில் ஒரு முகமும் ஆறு கையுமாக மயில்மேல் இருக்கும் முருகனுக்கு எங்கள் மாலை சாத்தினார்கள். தெருவெல்லாம் காவடி. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் சிந்து பாடியது இந்த மலை முருகனைத்தானே. இன்று வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சனி

ஊட்டி மலர்க்காட்சிக்குப் போய்வந்து மகன் வருஷாவருஷம் படம் காட்டுவான். 1896-இல் தொடங்கியது அது. நூறாவது காட்சியின் நினைவாக 1995-இல் ரோஜாப் பூங்கா வைத்தார்கள். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-லேயே தோன்றிவிட்டது. லண்டன் செல்சியில் 1913 முதல் நடக்கும் மலர்க்காட்சி உலகப் பிரசித்தம். அழகு பார்க்கப் பூ வளர்த்தவர்கள் தங்களுக்கென்று கூட்டத்தையும் பரிசையும் அன்றே அமைத்துக்கொண்டார்கள். பூவை நம்பிப் பிழைக்கிற நமக்கு அப்படி ஒன்று இல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சேர்ந்து நின்ற இடங்களில் பலன் தெரிகிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோவாளையில் அரளிப்பூவும் நொச்சி இலையும் மடித்து, பாய் முடைகிற மாதிரி தட்டையாகக் கட்டுகிற மாணிக்கமாலைக்கு 2025-இல் கிடைத்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்காரர்கள் 2020-லேயே வாங்கிவிட்டார்கள், அவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். குறியீடு வந்ததும் விலை ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த விண்ணப்பமே கிளம்பும்.

ஞாயிறு

வியாழன் இரவு ஒரு பேச்சு பாதியில் நின்றது, அதை இங்கே முடிக்கிறேன். நாம் எல்லாரும் கார்த்திகைக் கடைசியில், ஒரே வாரத்தில், முழங்கால் உயரம் விட்டுக் கவாத்து செய்கிறோம். அதனால்தான் பங்குனியில் எல்லார் பூவும் ஒரே நாளில் சந்தைக்கு வந்து விழுகிறது. பக்கத்துக்காரர் என்றைக்கு வெட்டுகிறார் என்று தெரியாமல் அவரவர் வெட்டினால் இது மாறாது. இந்த ஊர் முன்னே, அந்த ஊர் பின்னே என்று பேசி, சில தோட்டங்களைப் புரட்டாசியிலேயே வெட்டிப் பார்க்கலாம். பருவம் தப்பிய பூவுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் வழி சொல்கிறார்கள். தோட்டக்கலை அலுவலரை அழைத்தால் வருவார். அரை ஏக்கர்க்காரர் தனியாகப் போய்க் கேட்பதும் முப்பது குடும்பம் சேர்ந்து கேட்பதும் ஒன்றல்ல.

இதற்கு இன்னொரு தேர்த் திருவிழா வரை காத்திருக்க வேண்டாம். பூ குறைந்து கை ஓய்கிற ஆவணியில் ஒரு நாள் அதே முற்றத்தில் கூடுவோம். ஒரு நோட்டுப் போட்டு, யார் என்றைக்குக் கவாத்து, எந்தத் தோட்டத்தில் என்ன பூச்சி, எந்த நாளில் என்ன விலை என்று எழுதுவோம். எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கழுகுமலை, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் பூப்போடுகிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வாருங்கள். தோட்டத்தில் கை வைத்து வேலை செய்கிற பெண்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், செடியைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.