இன்ஷூரன்ஸ் ஆப்பில் வாத்தியார் மாற்றிய நான்கு டிக்குகள்!

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களுக்கு ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தெரியும். அந்த மலைகளில் பெய்யும் மழை எந்தத் தெரு வழியாக இறங்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அந்தக் கணக்கும் தப்பிப்போனது. இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. செஞ்சியில், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் வீட்டு வாசலில் நின்ற நான்கு வயது காருக்குள் சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது.

2021 பிப்ரவரியில், பணி ஓய்வுப் பணத்தில் வாங்கிய 1,200 சி.சி பெட்ரோல் கார் அது. மனைவியை மூட்டுவலிக்காக மாதம் ஒருமுறை புதுச்சேரிக்கு அழைத்துப்போவதற்காகவே வாங்கியது. இன்ஷூரன்ஸ் இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள், அந்த வருடம் பிப்ரவரியில் ஓர் ஆப் மூலம் நான்கே நிமிடத்தில் புதுப்பித்துக் கொடுத்திருந்தாள். இருப்பதிலேயே குறைந்த விலை. அதுவரை பதினைந்து வருடமாக ஸ்கூட்டருக்கும் பிறகு காருக்கும் பாலிசி போட்டுத் தந்த ஏஜென்ட்டுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

மறுநாள் காலை வாத்தியார் சாவியோடு வெளியே வந்தார். எதிர்வீட்டு மெக்கானிக் மாடியிலிருந்தே கத்தினார். "சார், சாவியைத் தொடாதீங்க! ஸ்டார்ட் பண்ணீங்க, இன்ஜினே போயிடும்!"

அந்த ஒரு வார்த்தைதான் பெரிய செலவைத் தடுத்தது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண 'காம்ப்ரிஹென்சிவ்' பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால், வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டால், 'அது வெள்ளத்தால் வந்ததல்ல, அதன்பிறகு நீங்கள் செய்ததால் வந்தது' என்று கைவிரிக்க இடமுண்டு. அதற்குத்தான் 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக ஒரு சேர்க்கை விற்கிறார்கள். நான்கு நிமிடப் பாலிசியில் அது இல்லை.

இப்போது ஆப்பின் முறை. கரன்ட் இல்லை. போனில் 12 சதவிகிதம் சார்ஜ். டவர் வந்து வந்து போகிறது. ஆப் ஓ.டி.பி கேட்டது. ஓ.டி.பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. இன்னொன்று கேட்டு உள்ளே போனால், போட்டோ ஏற்றும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விற்கும்போது வெண்ணெயாக வழுக்கிய அதே ஆப்தான். இலவச எண்ணில் இருபது நிமிடம் இசை கேட்டார். அதற்குள் போன் அணைந்துவிட்டது.

அன்று மதியம் மழைக்கோட்டோடு வந்து நின்றவர் அந்தப் பழைய ஏஜென்ட். பாலிசி அவர் போட்டதல்ல, கமிஷனும் கிடையாது. இருந்தும், வண்டியை நகர்த்துவதற்கு முன் நம்பர் பிளேட், கதவில் தண்ணீர் நின்ற கோடு, உள்ளே டேஷ்போர்டு என்று தன் போனில் படம் எடுத்தார். மின்சாரம் இருந்த இடத்துக்குப் போய், அந்த கம்பெனியின் பொது மெயிலுக்குப் பாலிசி எண்ணோடு அனுப்பிவைத்தார். தகவல் கொடுத்த நேரம் பதிவாகிவிட்டது. க்ளெய்மில் முதலில் வேண்டியது அதுதான்.

அடுத்த சிக்கல், கராஜ். ஆப்பில் 604202 என்று செஞ்சியின் பின்கோடைப் போட்டால், பணம் கட்டாமல் வேலை பார்க்கும் 'நெட்வொர்க்' கராஜ் என்று முதலில் வந்தது புதுச்சேரி. இழுத்துப்போகும் செலவுக்குச் சாதாரண பாலிசியில் கிடைப்பது 1,500 ரூபாய்தான். கடைசியில் பக்கத்திலேயே சரிபார்த்தார்கள். அப்படியென்றால் முதலில் கைக்காசு, பிறகுதான் கம்பெனிப் பணம். 'வீடியோ சர்வே' என்று ஆப் விளம்பரம் செய்திருந்தாலும், மதிப்பீடு 50,000 ரூபாயைத் தாண்டியதால் உரிமம் பெற்ற சர்வேயரே பார்த்தாக வேண்டும். அவர் ஆறாவது நாள் வந்தார். பில் 58,600 ரூபாய். கைக்கு வந்தது 36,900. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை கழிவு. உலோகத்துக்கு வண்டியின் வயதுக்கேற்ற கழிவு. கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. எல்லாம் பாலிசியில் எழுதியிருந்ததுதான். நான்கு நிமிடத்தில் யாரும் படிக்கவில்லை, அவ்வளவே.

அதனால்தான் 2025 பிப்ரவரியில் புதுப்பிக்கும் தேதி நெருங்கியபோது, வாத்தியாரே களத்தில் இறங்கினார். கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்று நான்கு அரசு நிறுவனங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் சுந்தரமும் சோழமண்டலம் எம்.எஸ்ஸும் உண்டு. ஐ.சி.ஐ.சி.ஐ லொம்பார்டுக்கு 'ஐ.எல் டேக்கேர்', அப்போது பஜாஜ் அலையன்ஸ் என்ற பெயரில் இருந்த கம்பெனிக்கு 'கேரிங்லி யுவர்ஸ்' என்று தனி ஆப்கள் இருந்தன. அக்கோ, டிஜிட் போன்றவை போன் தலைமுறைக்கென்றே பிறந்தவை. பல கம்பெனிகளின் விலையை ஒரே திரையில் காட்டும் பாலிசிபஜார் இருக்கிறது. இதில் எது 'நம்பர் ஒன்' என்ற தேடல் வீண்வேலை. ஒரே ஆப் அண்ணா நகரில் இருப்பவருக்கு ஒரு மாதிரியும், செஞ்சியில் இருப்பவருக்கு வேறு மாதிரியும்தான் வேலை செய்யும்.

மூன்று ஆப்களை இறக்கினார். மனைவி பக்கத்தில் கண்ணாடியோடு உட்கார்ந்தார். மகள் வீடியோ காலில். ஏஜென்ட்டிடமும் ஒரு விலை வாங்கியாயிற்று: 12,300 ரூபாய். ஓர் ஆப் காட்டியது 6,807 ரூபாய்!

"பாதி விலைப்பா! இதையே போட்டுடலாம்" என்றாள் மகள்.

"இரும்மா. எப்படிப் பாதியாச்சுன்னு பார்ப்போம்" என்றார் கணக்கு வாத்தியார்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டார். அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான 'தேர்டு பார்ட்டி' கட்டணம் அரசு நிர்ணயித்தது. 1,000 முதல் 1,500 சி.சி வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூன் முதல் 3,416 ரூபாய்; 18 சதவிகித ஜி.எஸ்.டியோடு 4,031. இது எந்த ஆப்பிலும் மாறாது. வித்தியாசமெல்லாம் மீதியில்தான்.

"ஏங்க, இது யார் போட்ட டிக்?" என்று கேட்டார் மனைவி. 'கடந்த பாலிசியில் க்ளெய்ம் வாங்கினீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று ஆப்பே டிக் போட்டு வைத்திருந்தது. யாரும் தொடவே இல்லை. க்ளெய்ம் வாங்காமல் இருந்திருந்தால், இந்த வருடம் 'நோ க்ளெய்ம் போனஸ்' 45 சதவிகிதம் வந்திருக்கும். வெள்ளத்தில் வாங்கியாயிற்று, எனவே அது பூஜ்யம். 'இல்லை' என்று விட்டு வாங்கியிருந்தால் என்ன ஆகும்? அடுத்த விபத்தின்போது கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்கும். பொய் சொல்லிச் சலுகை வாங்கியதாகச் சொல்லி, சொந்த வண்டிச் சேதத்துக்கான பணத்தை மறுக்கலாம். 'ஆம்' என்று மாற்றினார். விலை 8,790 ஆனது.

அடுத்தது ஐ.டி.வி. வண்டி திருடுபோனாலோ முழுக்க நொறுங்கினாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை. ஆப் அதை 2,60,000 ரூபாய் என்று தணித்து வைத்திருந்தது. ஏஜென்ட் போட்டது 3,20,000. அறுபதாயிரத்தைக் குறைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் மிச்சம் காட்டும் வேலை இது. மேலே தள்ளினார். 9,807.

மூன்றாவதில் லாபம். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தானாகச் சேர்ந்திருந்தது. அதே தொகைக்கு வாத்தியாரிடம் ஏற்கெனவே தனிப் பாலிசி உண்டு. அப்படியிருந்தால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. டிக்கை எடுத்தார். 9,453.

கடைசியாக, ஆப் தானாகக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த பகுதி. பாகங்களுக்குக் கழிவு பிடிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்', இன்ஜின் புரொடெக்ட், வழியில் நின்றால் வந்து இழுத்துப்போகும் உதவி. மூன்றையும் சேர்த்ததும் 11,707 ரூபாய். ஏஜென்ட்டின் விலைக்கும் ஆப்புக்கும் இடையே இருந்த 5,493 ரூபாய் வித்தியாசம், 593 ரூபாயாகச் சுருங்கி நின்றது.

வழியில் நின்றால் உதவி என்பது ஏதோ ஆடம்பரம் இல்லை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற 12 கோட்டைகளின் பட்டியலில், தமிழ்நாட்டிலிருந்து ஒரே கோட்டையாகச் செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமானது. சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கோட்டைக்குக் கிளம்புகிறவர்கள், தங்கள் ஆப்பில் 604202 என்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சரி, வாத்தியார் எதை எடுத்தார்? 593 ரூபாய் கூடுதல் கொடுத்து ஏஜென்ட்டிடம்தான். மகளுக்குக் கோபம். "அப்பா, இந்தக் காலத்துல போய்..." என்றாள்.

"ஆப் வேண்டாம்னு யாரும்மா சொன்னது? அவர் போடற கம்பெனிக்கும் ஆப் இருக்கு. பாலிசி அதுலயும் இருக்கும். டிஜிலாக்கர்லயும் போட்டுட்டேன், போலீஸ் கேட்டா போனைக் காட்டினாப் போதும். ஆனா, டவர் இல்லாத அன்னைக்கு வர்றதுக்கு ஓர் ஆள் வேணும்ல? அதுக்கு வருஷம் 593 ரூபா."

மகள் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லா ஏஜென்ட்டும் மழையில் நனைந்துகொண்டு வருவதில்லை. பாலிசி முடிந்து வாரம் கடந்த பிறகு போன் செய்கிறவர்களும் உண்டு. ஆப் பதினைந்து நாள் முன்பிருந்தே நச்சரிக்கும். தேதி தவறினால், வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பி மறுபடி சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். 90 நாள் தாண்டினால், சேர்த்துவைத்த போனஸும் போய்விடும். பாலிசியே இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல்முறை அபராதம் 2,000 ரூபாய். சென்னையில், கைக்கெட்டும் தூரத்தில் பத்து நெட்வொர்க் கராஜ் இருக்கும் அவளுக்கு ஆப்பே போதும். தன் ஸ்கூட்டிக்கு அதில்தான் போடுகிறாள்.

புதுப் பாலிசி வந்த அன்று வாத்தியாரின் மனைவி ஒரு வேலை செய்தார். பாலிசி எண், கம்பெனியின் இலவச எண், ஏஜென்ட்டின் எண், கம்பெனி இரண்டு வாரமாகியும் பதில் தராவிட்டால் தமிழிலேயே புகார் சொல்ல, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண். நான்கையும் ஒரு நோட்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பாலிதீன் உறைக்குள் போட்டு, காரின் டேஷ்போர்டில் வைக்கப்போன கணவரைத் தடுத்தார்.

"அங்கதாங்க போன தடவை தண்ணி ஏறிச்சு. காலண்டருக்குப் பின்னாடி மாட்டுங்க."